குதிங்கால் குறிப்புகள்

ஜூன் 9

பெருமூளை வாதத்தால் (செரிப்ரல் பால்சி) கால் இறுகும் பாப்பாவுக்கு, பாதத்தையும் கணுக்காலையும் சரியான நிலையில் பிடித்துவைக்கும் புதிய ஸ்பிளின்ட் வந்துவிட்டது. காலுறையில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் இழுத்துவிட்டு, முட்டியை மடக்கி, குதிங்காலை அடிவரை அழுத்தி உட்காரவைத்து, கணுக்கால் பட்டையை முதலில் இறுக்கிய பிறகுதான் மற்றப் பட்டைகளைத் தொட வேண்டும். கழற்றியபின் தோலில் தெரியும் சிவப்பு அரைமணி நேரத்துக்குள் மறைய வேண்டும். இடது கணுக்காலின் உட்பக்கத்தில் மறையவில்லை.

ஜூன் 10

ஸ்பிளின்டைச் சரிசெய்யத் திருப்பிக் கொடுத்தாயிற்று.

ஜூன் 14

பிசியோ மேடம் பாப்பாவின் காலை அதிகம் தொடுவதே இல்லை என்பது அத்தையின் புகார். "காசை வாங்கிட்டு விளையாட்டு காட்டுறாங்க, நானா இருந்தா எண்ணெய் போட்டு உருவிவிடுவேன்" என்று இன்றும் சொன்னார். எண்ணெய் போடுவதில் தவறில்லை, பாப்பாவுக்கும் அது பிடிக்கும். ஆனால் இறுக்கம் காலில் தொடங்குவதில்லை. மூளையிலிருந்து தசைக்குப் போகும் கட்டளை குழம்பியிருக்கிறது, அதனால் நாம் உருவியும் இழுத்தும் தளர்த்துவது நெடுநேரம் நிலைப்பதில்லை.

அந்த "விளையாட்டை" இன்று அருகில் உட்கார்ந்து பார்த்தேன். பாப்பாவை மேசையைப் பிடித்து நிற்கவைத்து, அவளுக்குப் பிடித்த நீலப் பந்தை இடப்பக்கம், கை எட்டுவதற்குச் சற்று அப்பால் வைத்தார்கள். அவள் வலக்காலை நம்பியே நிற்பவள்; பந்து வேண்டுமென்றால் உடல் எடையை இடக்காலுக்கு மாற்றியே ஆக வேண்டும். இடுப்பு நகர்ந்தது, முட்டி நடுங்கியது, விரல் நுனி பட்டுப் பந்து உருண்டு ஓடியது. மேடம் அதை எடுத்து மீண்டும் அதே இடத்தில் வைத்தார். விழாமல் இருக்க இடுப்புக்குப் பின்னால் ஒரு கை காத்திருந்ததே தவிர, அவளைத் தள்ளவில்லை, தூக்கவும் இல்லை. அந்த அசைவை அவளே தேடிக் கண்டுபிடித்துத் திரும்பத் திரும்பச் செய்தால்தான் மூளை அதைக் கற்கும் என்பதை அத்தைக்கு எப்படிச் சொல்வது?

ஜூன் 17

தூக்கம் வரவில்லை. பெருமூளை வாதமுள்ள குழந்தைகளைப் பற்றிக் கனடா ஆய்வாளர்கள் 2002-ல் வெளியிட்ட அந்த வளர்ச்சி வரைபடத்தை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். இயக்கத் திறனை ஐந்து நிலைகளாகப் பிரித்ததில், பாப்பாவைப் போன்ற மூன்றாம் நிலைக் குழந்தைகள் தாங்கள் எட்டக்கூடியதில் 90 சதவீதத்தைச் சராசரியாக 3.7 வயதிலேயே எட்டிவிடுகிறார்களாம். ஆவணியில் பாப்பாவுக்கு நான்கு முடிகிறது. அந்தக் கோடு வளைந்து படுத்துவிடும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 18

இடது குதிங்கால் தரையில் படவில்லை.

ஜூன் 23

வரைபடத்தைப் பற்றி மேடத்திடம் கேட்டேவிட்டேன். அவர் அதை மறுக்கவில்லை. உட்காருவது, தவழுவது, நிற்பது போன்ற அடிப்படை அசைவுகளைத்தான் அது அளக்கிறது, அதுவும் சராசரிக் கணக்கு என்றார். தன் தட்டைத் தானே எடுத்துவருவதும், வகுப்பில் தன் இடத்துக்குத் தானே போவதும் அந்தக் கோட்டில் வராது. அதோடு, எலும்பு நீளும் வேகத்துக்கு இறுக்கமான தசை நீள்வதில்லை என்பதால், பாப்பா உயரும் ஒவ்வொரு முறையும் கால் மறுபடி இறுகக்கூடும். பயிற்சியும் ஸ்பிளின்டும் தொடர வேண்டியது அதனால்தான் என்றும் சொன்னார். ஆறுதல் சொல்லும் குரலில் அவர் பேசாதது எனக்கு ஆறுதலாக இருந்தது.

ஜூன் 27

வாக்கரைப் பின்னால் இழுத்துக்கொண்டு குழாயடிவரை தானே போய்விட்டாள். முன்னால் தள்ளும் வாக்கரென்றால் குனிந்துகொண்டே போவாள். இது முதுகுக்குப் பின்னால் வருவதால் நிமிர்ந்தே ஆக வேண்டும். கீழ்வீட்டுக்காரர் வழக்கம்போல், "எப்போ நடப்பா?" என்றார். கண்ணெதிரே நடந்துகொண்டிருப்பவளைப் பற்றி இப்படிக் கேட்பவருக்கு நான் பதில் சொல்வதாக இல்லை.

ஜூன் 30

கெண்டைக்கால் தசையில் போடாக்ஸ் ஊசி போடலாம் என்கிறார் மருத்துவர். இறுக்கம் சுமார் மூன்று மாதங்களுக்குத் தளரும், அந்த இடைவெளியில் பயிற்சி தந்தால்தான் ஊசிக்குப் பலன். இறுக்கத்துக்கு அடியில் இருப்பது பலவீனமான தசை என்பதை இத்தனை நாளாக யாரும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. அதற்கு முன் இடுப்பு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். தொடை எலும்பின் தலை குழியைவிட்டு மெல்ல விலகினாலும் தொடக்கத்தில் வலியே இருக்காதாம். இத்தனை காலமும் நான் குதிங்காலை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 2

எக்ஸ்ரே எடுத்தாயிற்று. அறிக்கை சனிக்கிழமை வரும். அத்தையும் உடன் வருவதாகச் சொல்கிறார்.