ஓடுகிற கோப்பின் மேல் எழுதாதீர்கள்

மூல நிரலை ஓடும் நிரலாக்குகிற பில்டில் வரும் பிழைகளில், நிரலாளரின் பொறுமையை அதிகம் சோதிப்பது, எல்லாம் சரியாகத் தொகுக்கப்பட்ட பிறகு வருகிற பிழைதான். உருவான டிஎல்எல்லை (செயலியின் ஒரு பகுதியை அடக்கிய கோப்பை) வெளியீட்டு ஃபோல்டருக்கு நகலெடுக்கும் கடைசிப் படியில், மைக்ரோசாஃப்டின் பில்ட் கருவியான எம்எஸ்பில்ட் நின்றுவிடும். நொடிக்கு ஒன்றாகப் பத்து முறை முயன்று பார்க்கும். பிறகு எம்எஸ்பி3027 என்று எண்ணைப் போட்டு, கோப்பை வேறொரு ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) பிடித்து வைத்திருக்கிறது என்று சொல்லிக் கையை விரித்துவிடும்.

பெரும்பாலோர் உடனே விஷுவல் ஸ்டுடியோவை மூடித் திறப்பார்கள். அதற்கும் மசியாவிட்டால், தொகுத்தவை சேரும் 'பின்', 'ஆப்ஜ்' என்ற ஃபோல்டர்களை அழிப்பார்கள். கடைசியில் கணினியையே ரீஸ்டார்ட் செய்வார்கள். பிடித்திருப்பது யார் என்று முதலில் பார்த்துவிட்டால் இதில் எதுவும் தேவைப்படாது. ஓடும் ப்ராசஸ்களைக் காட்டும் ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரர் என்ற கருவியில் ஹேண்டில் அல்லது டிஎல்எல் தேடும் வசதி உண்டு. கோப்பின் பெயரைக் கொடுத்தால் போதும், பிடித்திருக்கும் ப்ராசஸும் அதன் எண்ணும் வந்துவிடும். எம்எஸ்பில்டின் புதிய பதிப்புகள் அந்தப் பெயரைப் பிழைச் செய்தியிலேயே சேர்த்துத் தருகின்றன, ஆனால் அந்த வரியைக் கடைசிவரை படிப்பவர்கள் குறைவு.

பெரும்பாலும் சிக்குவது நான்கு பேர்: டீபக் முடிந்தும் சாகாமல் கிடக்கும் உங்கள் செயலி, டெஸ்ட் ரன்னரின் ஹோஸ்ட் ப்ராசஸ், புதிதாகப் பிறந்த கோப்பை முகர்ந்து பார்க்கும் ஆன்டிவைரஸ், பிறகு எம்எஸ்பில்டே. இந்த நாலாவது ஆளைப் பலரும் சந்தேகிப்பதில்லை. அடுத்த பில்ட் வேகமாக நடக்கட்டும் என்று எம்எஸ்பில்ட் தன் துணை ப்ராசஸ்களைப் பில்ட் முடிந்த பின்னும் 15 நிமிடம் உயிரோடு வைத்திருக்கும். நீங்களே எழுதிய பில்ட் டாஸ்க் ஒன்றின் டிஎல்எல் அதற்குள் ஏற்றப்பட்டிருந்தால், அந்த 15 நிமிடமும் அதை மாற்ற முடியாது. டாட்நெட் கட்டளையில் பில்ட் சர்வர் ஷட்டவுன் கொடுத்தால் எல்லாம் விடுபடும். தானியங்கி பில்ட் இயந்திரத்தில் துணை ப்ராசஸ்களை இப்படி வைத்திருக்கும் நோட் ரீயூஸ் என்ற தேர்வையே அணைத்துவிடுவது நல்லது. அங்கே மிச்சமாகும் சில நொடிகளைவிட, நள்ளிரவில் காரணமில்லாமல் விழும் பில்டுக்கு விலை அதிகம்.

இந்தப் பிழையை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் மேசையில் பில்டை நிறுத்துகிற அதே பூட்டுதான், பயனரின் கணினியில் உங்கள் அப்டேட்டையும் நிறுத்துகிறது. அங்கே ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து பார்க்க ஆள் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

விண்டோஸ் ஒரு இஎக்ஸ்இயை ஓட்டும்போது அந்தக் கோப்பையே நினைவகத்தோடு பிணைத்துவிடுகிறது. நிரல் ஓடும்வரை அந்தக் கோப்பில் எழுத முடியாது, அழிக்கவும் முடியாது. ஆனால் பெயர் மாற்றலாம். அதே டிரைவுக்குள் இடமும் மாற்றலாம். பல அப்டேட்டர்கள் உயிர் வாழ்வதே இந்தச் சிறிய சலுகையில்தான்: பழையதற்கு வேறு பெயர் வை, அந்தப் பெயரில் புதியதைப் போடு, அடுத்த முறை திறக்கும்போது பழையதை அழி. லினக்ஸில் ஓடும் நிரலின் மேல் எழுதப்போனால் 'டெக்ஸ்ட் ஃபைல் பிஸி' என்று மறுத்துவிடும். ஆனால் பல நிரல்கள் சேர்ந்து பயன்படுத்தும் பகிர்வு லைப்ரரி கோப்புகளுக்கு அந்தக் காவல் கிடையாது. சிபி கட்டளையால் நேராக மேலே நகலெடுத்தால், அதைப் பயன்படுத்திக்கொண்டிருக்கும் ப்ராசஸின் காலடி நிலம் மாறி அது அந்த இடத்திலேயே விழும். புதிய கோப்பை வேறு பெயரில் எழுதி, பிறகு பழைய பெயருக்கு மாற்றினால் சிக்கல் இல்லை. ஓடுகிற ப்ராசஸ் பழைய ஐநோடை, அதாவது பெயர் போன பின்னும் வட்டில் இருக்கும் பழைய கோப்பைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாக முடியும்.

ஆக எந்த இயங்குதளமானாலும் வழி ஒன்றுதான். மேலே எழுதாதீர்கள், பக்கத்தில் வையுங்கள், பிறகு எது இப்போதைய பதிப்பு என்று காட்டும் குறியை மட்டும் திருப்புங்கள். இதற்குச் செயலியைத் தொடங்கிவைக்கும் ஒரு குட்டி லாஞ்சரும், பதிப்புக்கு ஒரு ஃபோல்டரும், இப்போது எந்தப் பதிப்பு என்று சொல்லும் ஒரு வரிக் கோப்பும் போதும். அப்டேட்டர் புதிய தொகுப்பை இறக்கி, சரிபார்த்து, தனி ஃபோல்டரில் விரித்துவிட்டு, கடைசி வேலையாக அந்த ஒரு வரியை மாற்றுகிறது. லாஞ்சர் அடுத்த முறை அந்த வரியைப் படித்து உரிய இஎக்ஸ்இயைத் தொடங்குகிறது. பாதியில் மின்சாரம் போனாலும் வரி மாறியிருக்காது, பழையது அப்படியே ஓடும்.

எழுதும்போது எளிதாகத் தெரிகிற இந்த ஏற்பாட்டில் கால் இடறும் இடங்கள் சில உண்டு. இறக்கிய தொகுப்பைக் கணினியின் பொதுத் தற்காலிக ஃபோல்டரில் விரித்துவிட்டுப் பிறகு நகர்த்துபவர்கள் பலர். அது வேறு டிரைவில் இருந்தால் நகர்த்தல் என்பது நகலெடுத்தலாக மாறிவிடும், பாதியில் அறுந்துபோகவும் கூடும். செயலியின் ஃபோல்டருக்குள்ளேயே விரியுங்கள். ஒரு வரிக் கோப்பையும் நேராகத் திறந்து எழுதக் கூடாது. தற்காலிகப் பெயரில் எழுதி, எஃப்சிங்க் செய்து (எழுதியது வட்டில் இறங்கும்படி செய்து), பிறகு பெயர் மாற்ற வேண்டும். எஃப்சிங்கை விட்டுவிட்டால், மின்சாரம் போய் வந்த கணினியில் சுழி பைட் கோப்பு ஒன்று உங்களுக்காகக் காத்திருக்கலாம். செயலி இரண்டு ஜன்னல்களில் திறந்திருக்கும்போது இரண்டும் ஒரே நேரத்தில் அப்டேட் செய்யப் பார்க்கும், ஆகவே ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் உள்ளே விடும் மியூடெக்ஸ் பூட்டு ஒன்று கட்டாயம். வட்டில் தொகுப்பு, விரித்தது, பழையது மூன்றுக்கும் சேர்த்து இடம் இருக்கிறதா என்று இறக்கத் தொடங்கும் முன்பே பாருங்கள். விண்டோஸ் ஃபயர்வாலில் நிரலுக்குக் கொடுக்கும் அனுமதி முழுப் பாதையோடு கட்டப்பட்டது. பதிப்புக்கு ஒரு ஃபோல்டர் என்றால் ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் பயனரிடம் மறுபடி கேட்கும். வெளியிலிருந்து வரும் இணைப்புகளை ஏற்கும் பகுதியை மட்டும் மாறாத பாதையில் தனியாக வைத்துவிடலாம்.

புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரில் நிறுவுவதா, பயனரின் சொந்த ஃபோல்டரிலா? கூடுமானவரை இரண்டாவதுதான். முன்னதில் ஒவ்வொரு அப்டேட்டுக்கும் நிர்வாகி அனுமதி வேண்டும். அதைத் தவிர்க்கச் சிஸ்டம் உரிமையோடு ஓடும் சர்வீஸ் ஒன்றை வைத்தால், அது இறக்கும் ஃபோல்டரில் சாதாரணப் பயனர் எழுத முடியாதபடி கட்டாயம் பூட்ட வேண்டும். கையொப்பம் சரிபார்த்த நொடிக்கும் ஓட்டும் நொடிக்கும் இடையில் கோப்பை மாற்றிவைக்க முடிந்தால், அந்தக் கணினியின் முழு உரிமையையும் நீங்களே தூக்கிக் கொடுத்ததாகிவிடும்.

பதிப்பு எண்ணுக்கு வருவோம். எழுத்துச் சரமாக ஒப்பிட்டால் 1.10.0 என்பது 1.9.0ஐவிடச் சின்னது. பத்தாவது வெளியீடுவரை எல்லாம் நன்றாக நடந்து, அன்றோடு அப்டேட் நின்றுபோகும். புள்ளியில் பிரித்து எண்களாக ஒப்பிடுங்கள். டாட்நெட்டில் பதிப்பில் நட்சத்திரக் குறி போட்டால், மூன்றாவது எண் 2000 ஜனவரி 1 முதல் எத்தனை நாள் என்பதாகவும், நான்காவது நள்ளிரவிலிருந்து கடந்த நொடிகளில் பாதியாகவும் தானே நிரம்பும். இன்றைய புராஜெக்ட் வடிவத்தில் ஒரே மூலத்துக்கு ஒரே வெளியீடு என்ற விதி இயல்பாகவே இயங்குவதால், அந்த நட்சத்திரத்தைக் கம்பைலர் ஏற்காது. தேதியையே எண்ணாக்க நினைப்பவர்கள் கவனிக்க: ஒவ்வொரு பகுதிக்கும் 16 பிட்தான் இடம். ஆண்டு மாதம் நாள் சேர்த்து 250314 என்று எழுதினால் அதில் அடங்காது.

விண்டோஸ் இன்ஸ்டாலர் இன்னும் கறார். அதன் நிறுவல் தொகுப்பான எம்எஸ்ஐயின் பதிப்பில் முதல் இரண்டு எண்களும் 255ஐத் தாண்டக் கூடாது. நான்காவது எண்ணை அது பார்ப்பதே இல்லை. 2.1.0.5 வைத்திருக்கும் கணினிக்கு 2.1.0.6 கொடுத்தால் இரண்டும் ஒன்று என்றுதான் நினைக்கும். முழு மேம்படுத்தலுக்கு, எல்லா வெளியீடுகளுக்கும் பொதுவான அடையாளமான அப்கிரேட் கோட் மாறாமலும், அந்த வெளியீட்டின் அடையாளமான புராடக்ட் கோட் மாறியும் இருக்க வேண்டும். தொகுப்புக் கோப்பின் அடையாளமான பேக்கேஜ் கோட் ஒவ்வொரு பில்டுக்கும் மாற வேண்டும். கோப்பு மட்டத்தில், பதிப்பு எண் கூடியிருந்தால்தான் பழையதை மாற்றும். பதிப்பு எண்ணே இல்லாத செட்டிங்ஸ் கோப்பு போன்றவற்றில், திருத்தப்பட்ட தேதி உருவான தேதியிலிருந்து வேறுபட்டால் பயனர் கை வைத்திருக்கிறார் என்று முடிவு செய்து தொடாமல் விட்டுவிடும்.

இதில் எல்லாவற்றையும்விடக் கொடியது கோப்பு மாயமாவது. பிறர் எழுதிய டிஎல்எல் ஒன்றில் கோளாறு தெரிந்து, புதிய வெளியீட்டில் அதன் பழைய பதிப்புக்குத் திரும்புகிறீர்கள் என்று வையுங்கள். எந்தக் கோப்பை வைப்பது என்ற கணக்கை இன்ஸ்டாலர் ஆரம்பத்திலேயே போட்டுவிடும்: கணினியில் இதைவிட உயர்ந்தது இருக்கிறது, எனவே இதை வைக்க வேண்டாம். அடுத்து, பழைய நிறுவலை நீக்கும் படி வரும். உயர்ந்த அந்தக் கோப்பும் அதோடு போய்விடும். முடிவில் இரண்டும் இல்லை. நிறுவல் வெற்றி என்றுதான் திரையில் வரும், செயலி திறக்காது. பழைய நீக்கத்தை வரிசையில் பின்னுக்குத் தள்ளலாம் என்றாலும் அது வேறு விதிகளை மீற வைக்கும். அந்த டிஎல்எல்லைச் செயலிக்கு உள்ளே வேறு பெயரில் வைப்பதே பாதுகாப்பு. பதிப்புக்கு ஒரு ஃபோல்டர் என்ற ஏற்பாட்டில் இந்தப் பிரச்சினை எழவே வழியில்லை. அதனால்தான் எம்எஸ்ஐயால் லாஞ்சரை மட்டும் நிறுவி, மற்றதை அப்டேட்டரிடம் விடுவது எனக்குச் சரியாகப் படுகிறது.

கருவிகளும் இந்த இடத்தில் கைகொடுப்பதில்லை. எம்எஸ்ஐ உருவாக்கும் செட்டப் புராஜெக்ட் விஷுவல் ஸ்டுடியோ 2012இல் நீக்கப்பட்டது. 2014இல்தான் தனி நீட்சியாகத் திரும்பியது. இன்றும் அது எம்எஸ்பில்ட் வடிவத்தில் இல்லை. பில்ட் இயந்திரத்தில் முழு விஷுவல் ஸ்டுடியோவையும் நிறுவி, அதன் கட்டளைவரி நிரல் வழியாகத்தான் தொகுக்க வேண்டும். அப்போதும் 8000000ஏ என்ற பிழை வந்து நிற்கும். அதைத் தீர்க்க, பில்டை ஓட்டும் அதே பயனர் கணக்கின் ரெஜிஸ்ட்ரியில் வெளி ப்ராசஸ் பில்ட் என்ற மதிப்பைச் சுழியாக்க வேண்டும். நிர்வாகிக் கணக்கில் செய்துவிட்டு, ஏன் இன்னும் வருகிறது என்று தவிப்பது வழக்கமான தவறு. புதிதாகத் தொடங்குபவர்கள், எம்எஸ்ஐ உருவாக்கும் இன்னொரு கருவியான விக்ஸ் பக்கம் போவது நல்லது. கற்க நாளாகும், ஆனால் எல்லாம் எழுத்துக் கோப்பாக இருப்பதால் 'கிட்' பதிப்புக் களஞ்சியத்தில் வைக்கலாம், தானாக ஓட்டலாம்.

கையொப்பத்தில் சமரசம் கூடாது. 2016இல் மேக் செயலிகள் பல பயன்படுத்தும் ஸ்பார்க்கிள் அப்டேட்டரில் ஒரு ஓட்டை வெளியானது. அப்டேட் பட்டியலை வெறும் எச்டிடிபியில் இறக்கிய செயலிகள் எல்லாம் அதில் மாட்டின. எச்டிடிபிஎஸ் வைத்தாலும் போதாது, சர்வரே கைமாறினால் அது காப்பாற்றாது. அப்டேட்டின் விவரங்களைச் சொல்லும் மேனிஃபெஸ்ட் கோப்பில் பதிப்பு, கோப்பின் அளவு, அதன் கைரேகை போன்ற ஷா-256 ஹேஷ், காலாவதித் தேதி நான்கையும் வைத்து, முழு மேனிஃபெஸ்டையும் கையொப்பமிடுங்கள். கையொப்பத்தைச் சரிபார்க்கும் பொதுச் சாவி செயலிக்குள்ளேயே இருக்கட்டும். ஒன்று தொலைந்தால் மாற இரண்டாவதையும் முதல் நாளிலேயே வைத்துவிடுங்கள். காலாவதித் தேதி எதற்கு? முறையாகக் கையொப்பமிட்ட பழைய மேனிஃபெஸ்டையே திரும்பத் திரும்பக் காட்டி, ஓட்டையுள்ள பதிப்பிலேயே பயனரை உறைய வைக்கும் தாக்குதல் ஒன்று உண்டு. அதற்குத்தான்.

விண்டோஸ் நிரல்களுக்குக் கையொப்பமிடும் கோட் சைனிங் சான்றிதழ்களுக்கு 2023 ஜூன் 1 முதல், கையொப்பமிடப் பயன்படும் தனிச் சாவி வன்பொருளுக்குள் இருக்க வேண்டும் என்று விதி வந்தது. சாவிக் கோப்பைப் பில்ட் இயந்திரத்தில் போட்டுவைத்த பழைய ஸ்கிரிப்டுகள் அதோடு முடிந்தன. யுஎஸ்பி டோக்கனும் அது கேட்கும் கடவுச்சொல் ஜன்னலும் தானியங்கி பில்டுக்கு ஒத்துவராது. மேகச் சேவையில் இருக்கும் வன்பொருள் பெட்டகம் வழியாகக் கையொப்பமிடுவதே வழி. கையொப்பமிட்ட நேரத்தைச் சொல்லும் டைம்ஸ்டாம்ப் சேர்க்க மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால் சான்றிதழ் காலாவதியாகும் நாளில், ஏற்கெனவே வெளியிட்ட கோப்புகளின் கையொப்பமும் செல்லாமல் போகும்.

வித்தியாசத்தை மட்டும் அனுப்பும் டெல்டா அப்டேட் ஈர்க்கும். 2009இல் குரோம் குழு தந்த உதாரணத்தில் முழு அப்டேட் 1,03,85,920 பைட். பிஎஸ்டிஃப் முறையில் 7,04,512. அவர்களின் கூர்ஜெட் முறையில் 78,848. ஆனால் உங்கள் தொகுப்பு சில பத்து எம்பிதான் என்றால் இந்தச் சிக்கல் வேண்டாம். செய்தே ஆக வேண்டுமென்றால், ஒட்டிய பின் கிடைக்கும் கோப்பின் ஹேஷைச் சரிபாருங்கள். பொருந்தாவிட்டால் முழுத் தொகுப்புக்குத் திரும்புங்கள்.

எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கொடுக்காதீர்கள். நிறுவல் எண்ணையும் பதிப்பு எண்ணையும் சேர்த்து ஹேஷ் செய்து, 100ஆல் வகுத்த மீதி 5ஐவிடக் குறைவானவர்களுக்கு முதலில் கொடுங்கள். பதிப்பு எண்ணைச் சேர்க்காவிட்டால் ஒவ்வொரு முறையும் அதே ஐந்து சதவீதம் பேர்தான் அடி வாங்குவார்கள். நிரல் மட்டுமல்ல, தரவுக் கோப்புகளுக்கும் இந்தப் படிநிலை தேவை. 2024 ஜூலை 19 அன்று கணினிப் பாதுகாப்பு நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பியது ஒரு உள்ளடக்கக் கோப்புதான். அது படிப்படியாகப் போகாததால், மைக்ரோசாஃப்டின் மதிப்பீட்டில் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன.

திரும்பிப்போகும் வழியை லாஞ்சரிடம் கொடுங்கள். புதிய பதிப்பு திறந்து 30 நொடி நலமாக ஓடினால் ஒரு அடையாளக் கோப்பை எழுதட்டும். இரண்டு முறை தொடங்கியும் அந்த அடையாளம் வரவில்லையென்றால், லாஞ்சர் முந்தைய ஃபோல்டருக்குத் திரும்பட்டும். இதைக் கெடுப்பது தரவுத்தளம். புதிய பதிப்பு அட்டவணையை மாற்றிவிட்டால் பழையது அதைப் படிக்க முடியாது. எனவே ஒரு வெளியீட்டில் அட்டவணையில் புதிய நெடுவரிசையைச் சேர்க்க மட்டும் செய்யுங்கள். பழைய நெடுவரிசையை நீக்குவதை, அதற்கும் அடுத்த வெளியீடு நிலைபெற்ற பின் வைத்துக்கொள்ளுங்கள்.

சோதனையில் பெரும்பாலானோர் தவறவிடுவது ஒன்று. புதிய பதிப்பை இறக்கி நிறுவப்போவது நீங்கள் இன்று எழுதிய அப்டேட்டர் அல்ல, பயனரிடம் ஏற்கெனவே இருக்கும் பழைய அப்டேட்டர். அதில் பிழை இருந்தால் அப்டேட் அனுப்பித் திருத்த முடியாது. வெளியில் இன்னும் உயிரோடிருக்கும் மிகப் பழைய பதிப்பை ஒரு வெர்ச்சுவல் மெஷினில் ஸ்னாப்ஷாட்டாக வைத்து, ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன் அதிலிருந்து புதியதற்குத் தானாகத் தாவ வையுங்கள். இறக்கம் பாதியில் அறுந்தபோது, வட்டு நிறைந்தபோது, செயலி திறந்திருக்கும்போது என்று மூன்று நிலையிலும் அதே சோதனை ஓடட்டும். மேனிஃபெஸ்டின் வடிவத்தை மாற்ற வேண்டி வந்தால் புதிய முகவரியில் வையுங்கள். பழைய முகவரியில் பழைய வடிவத்தை, அதைக் கேட்கும் கடைசிக் கணினி சர்வர் பதிவேட்டிலிருந்து மறையும்வரை கொடுத்துக்கொண்டே இருங்கள்.