தொட்டியில் கிடக்கும் முதல்

வெள்ளைக்காரன் காலத்தில் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் வந்து குடியேறித் தோல் வியாபாரத்தில் இறங்கியவருக்கு வாரச்சந்தைதான் பள்ளிக்கூடம். உப்புப் போட்ட மாட்டுத் தோலை விரித்து, ரோமத்தைக் கொஞ்சம் பிடித்து இழுப்பார். கையோடு வந்துவிட்டால் உப்பு பற்றவில்லை, அழுக ஆரம்பித்தாயிற்று. புரட்டிக் கறிப்பக்கம் தடவினால் கத்திவெட்டு விரலில் தட்டும். உரித்தவர் அவசரம், வாங்கியவர் தலையில்.

நாலு காசு சேர்ந்ததும் பாலாற்றங்கரையில் தோல் பதனிடச் சொந்தத் தொட்டி. ஆறு வறண்டாலும் மணலுக்கடியில் ஊற்று இருக்குமே! ஊறவைத்து உப்பைக் கழுவி, சுண்ணாம்புத் தொட்டியில் போட்டு, ரோமமும் சவ்வும் சீவி, சுண்ணாம்பு போக அலசிய பிறகுதான் ஆவாரம்பட்டை. அதில் துவர்ப்புச் சத்து ஏறத்தாழ 18 சதவீதம். அவசரக்காரர் கெடுவது இங்கேதான். முதலில் சத்து ஓய்ந்துபோன பழைய பட்டைச் சாறு, பிறகு படிப்படியாகக் கெட்டிச் சாறு. எடுத்த எடுப்பில் கெட்டிச் சாற்றில் போட்டால் மேல்பக்கம் இறுகிக்கொண்டு, நடுவே பச்சையாக நின்றுவிடும். விளிம்பை அறுத்துப் பார்த்தால் நடுவில் வெளிறிய கோடு காட்டிக்கொடுக்கும். கடைசியாகக் கடுக்காய்த் தொட்டி. வெறும் ஆவாரம்பட்டைத் தோல் வெளிச்சம் பட்டால் சிவக்கும். அந்த வெளிர்மஞ்சளைக் காப்பது கடுக்காய்தான். பிறகு எண்ணெய் தடவி நிழலில் உலர்த்தல்.

மாட்டுத் தோலுக்கு இதெல்லாம் முடிய ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அதுவரை போட்ட முதலெல்லாம் தொட்டிக்குள்ளேயே கிடக்கும். கூலி, பட்டை, அடுத்த சந்தைக்குக் கைப்பணம் எல்லாம் வெளியிலிருந்து வரவேண்டும். அதனால் சென்னை பெரியமேட்டில், தரகுக்குத் தோல் விற்றுத்தரும் கமிஷன் மண்டியில் முன்பணம். வாங்கியவர் சரக்கை அங்கேதான் போட்டாக வேண்டும். சரக்கு போய்ச்சேரும் லண்டன் ஏலத்தில் விலை விழுந்தால் அடி இவருக்கும்தான். தோல் தெரிந்தவரைவிடக் கடன் தாங்கத் தெரிந்தவரே நிலைத்தார் என்பது என் கணிப்பு.

ரயில் எல்லோருக்கும் ஒரே மாதிரி கைகொடுக்கவில்லை. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856 ஜூலை 1 அன்று வண்டி ஓடியது. நிலையம் வாலாஜாபேட்டைக்குச் சில மைல் தள்ளி. மலைமேல் நாட்டுச் சரக்கெல்லாம் வந்து இறங்கிய அந்தப் பேட்டையின் வியாபாரம் கரைந்தது. பின்னர் பாதை மேற்கே நீண்டபோது ஆம்பூரும் வாணியம்பாடியும் தோல் கட்டுகளை ரயிலேற்றின. முதல் உலகப் போரில், 1916இல், சிப்பாய்களின் பூட்ஸுக்காக இந்தத் தோலை அரசே விலை வைத்து வாங்க ஆரம்பித்தது.