மூன்று ரீடிங்

"அந்த மூணு ரீடிங் இந்த ரிப்போர்ட்டுல வேண்டாம்பா. ப்ராஜெக்ட் ஸ்கோப்புக்குள்ள வராது."

நான் சொன்னது இவ்வளவுதான். "சரிங்க மேம்" என்று அவன் அந்தப் பக்கத்தை உருவி, நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தால் அன்றே என் மனம் மாறியிருக்கலாம். ஆனால் எதிர்த்துப் பேசும் இடத்தில் அவன் இருந்தானா?

அவனுடைய இறுதியாண்டு ப்ராஜெக்ட் ஒரு சாயப்பட்டறையின் சுத்திகரிப்பு நிலையத்தில் நடந்தது. ஆர்.ஓ.வில் கழிந்து வரும் உப்புநீரை எவாப்பரேட்டரில் காய்ச்சி உப்பாக எடுக்க ஏகப்பட்ட நீராவி ஆகும். அந்தச் செலவை எப்படிக் குறைப்பது என்பது தலைப்பு. நான் கொடுத்த தலைப்புதான். பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும். சாயம் துணியில் பிடித்துக்கொள்ளும், உப்பு பிடிக்காது; போட்ட உப்பு முழுக்கத் தண்ணீரோடு வெளியே வந்துவிடும். நிறத்தை எடுத்துவிடலாம், உப்பை எடுப்பதில்தான் காசு கரைகிறது. கழிவுநீரைச் சொட்டுகூட வெளியே விடக் கூடாது என்ற நிபந்தனை நிறைவேறாததால் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ப் பட்டறைகளை மூடச் சொன்னதே, அதற்கடியில் இருந்ததும் இந்த உப்புதான். அந்தச் செலவை நாலு காசு குறைத்தால் நொய்யலுக்கு நல்லது என்று நம்பித்தான் தலைப்பைக் கொடுத்தேன். இப்போதும் நம்புகிறேன்.

அவன் ஊர் ஒரத்துப்பாளையம் அணைக்குப் பக்கம். பாசனத்துக்கென்று கட்டி, சாயத்தண்ணீர் தேங்கும் இடமாகிப்போன அணை. ப்ராஜெக்ட்டுக்குக் கொடுத்த, தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் டிடிஎஸ் மீட்டரை ஒரு சனிக்கிழமை ஊருக்கு எடுத்துப் போயிருக்கிறான். வீட்டுக் கிணறு, பெரியப்பா தோட்டத்துப் போர், கோயிலடி கைபம்பு. லேபிள்கூடக் கிழிக்காத மூன்று வாட்டர் பாட்டில்கள், மூடியில் மார்க்கரால் 1, 2, 3. மூன்றுமே 2000-ஐத் தாண்டியிருந்தன. குடிக்க வேறு தண்ணீரே இல்லை என்றால் விட்டுக்கொடுக்கும் எல்லையே லிட்டருக்கு 2000 மில்லிகிராம்தான்.

"ப்ராஜெக்ட் எதுக்குப் பண்றோம்னு முதல் அத்தியாயத்துல இதப் போடலாங்களா மேம்?" என்றான். அதற்குத்தான் நான் அப்படிப் பதில் சொன்னேன்.

ரிப்போர்ட்டின் ஒரு பிரதி பட்டறைக்குப் போகும். அவர்கள்தான் அவனுக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். துறையின் ப்ளேஸ்மென்ட் பொறுப்பும் என்னுடையது. அப்பா தறி ஓட்டுகிறார், கல்விக்கடன் தலைக்கு மேல் நிற்கிறது. படித்த படிப்புக்கே கிடைத்த வேலை அது. அந்த வருடம் மற்றவர்களில் பெரும்பாலோர் ஐடி கம்பெனிக்குத்தான் போனார்கள். இவ்வளவும் ஒரு நொடியில் மனதில் ஓடியது. பட்டறையிலிருந்து யாரும் எதையும் எடுக்கச் சொல்லவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கேட்டிருந்தால் போடச் சொல்லியிருப்பார்களோ என்னவோ. நான் கேட்கவே இல்லை.

என் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஒரே நாளில் எடுத்த ரீடிங். ஸ்டாண்டர்ட் கரைசல் வைத்து மீட்டரைச் சரிபார்த்தானா, தெரியாது. நொய்யல் கரையில் நிலத்தடி உப்பு நேற்று இறங்கியதும் இல்லை, வருடக்கணக்காகத் தேங்கியது. அதை வைத்து இன்ன பட்டறை என்று விரல் நீட்ட முடியாது. ஒரு பட்டறையின் ரிப்போர்ட்டில் அந்த எண்களைக் கொண்டுபோய் வைத்தால், படிப்பவர் அந்தப் பட்டறையைத்தான் நினைப்பார். ஆய்வு என்று பார்த்தால் நான் சொன்னது தப்பில்லை.

ஆனால் இதில் ஒன்றைக்கூட நான் அவனிடம் சொல்லவில்லையே. ஆய்வுதான் காரணம் என்றால், "இன்னும் பத்துக் கிணறு பாரு, மழைக்கு முன்னாடி ஒரு தரம், பின்னாடி ஒரு தரம் எடு, தனியா ஒரு பேப்பராப் போடலாம்" என்றல்லவா வாயில் வந்திருக்க வேண்டும்? வந்த சொல் ஸ்கோப். ஒரு பிள்ளையின் வீட்டுக் கிணறு எந்த ஸ்கோப்பில் வரும் என்று அன்று இரவு பாத்திரம் கழுவும்போது தோன்றியது. மறுநாள் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ரிப்போர்ட் பைண்டிங்குக்குப் போய்விட்டது என்று விட்டுவிட்டேன்.

அதே வாரம், பொறியியல் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் என்பிஏவின் ஃபைலுக்கு மேட்ரிக்ஸ் நிரப்பினேன்; மாணவர் பெற வேண்டிய திறன் ஒவ்வொன்றுக்கும் ப்ராஜெக்ட் எவ்வளவு உதவுகிறது என்று மதிப்பெண் போடும் அட்டவணை அது. அப்போதிருந்த பன்னிரண்டு கட்டங்களில் ஏழாவது, சுற்றுச்சூழலும் நிலைத்த வளர்ச்சியும். இவனுடைய ப்ராஜெக்ட்டுக்கு நேரே 3 போட்டேன். அதற்கு மேல் மதிப்பெண் கிடையாது. பொய் இல்லை; ப்ராஜெக்ட் அதற்குத் தகுதியானதுதான். ஆனாலும் அந்த மூன்றைப் போட்டபோது பாட்டில் மூடிகள் நினைவுக்கு வந்தன.

இன்னொன்று மாதங்கள் கழித்துத்தான் உறைத்தது. 1991-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதால் எல்லா மாணவர்களுக்கும் கட்டாயமாகிப்போன சுற்றுச்சூழல் பாடத்தை அவனுக்கு நடத்தியவள் நானே. நீர் மாசு யூனிட்டில் ஒவ்வொரு வருடமும் நொய்யல் நுரை பொங்கும் படத்தைக் காட்டிவிட்டு, "புத்தகத்த மூடி வெச்சுட்டு உங்க ஊர்த் தண்ணியப் போய்ப் பாருங்க" என்பேன். அவன் போய்ப் பார்த்திருக்கிறான். அத்தனை பேருக்குச் சொன்னதில், எனக்குத் தெரிந்து, கையில் மீட்டரோடு போய்ப் பார்த்தவன் அவன் ஒருவன்தான்.

வேலை கிடைத்தது. இப்போது ஒரு ஷிஃப்ட்டுக்கு அவன்தான் பொறுப்பு. உப்பின் அருமை தெரிந்தவன் எவாப்பரேட்டர் பக்கத்தில் நிற்பது அந்த ஆற்றுக்கு எவ்வளவோ மேல் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். சில நாள் அது போதுமானதாக இருக்கிறது.

போன மாதம் போன் செய்தான். "ப்ளான்ட்டுக்கு ஆள் எடுக்கறோமுங்க மேம், ஜூனியர்ஸ் ரெண்டு பேர அனுப்பி வைங்க." பெயர்களைச் சொன்னேன். வைக்கப் போகும் நேரத்தில், "வீட்டுக் கிணறு எப்படிப்பா இருக்கு?" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"அப்படியேதானுங்க மேம். மழ பேஞ்சா கொஞ்சம் குறையுது. நா அப்பப்ப எடுத்து எழுதி வெச்சுட்டுத்தானுங்க இருக்கறேன்."