யானைக்கும் ஒரு வழி விடுங்கள்

இலங்கையின் வடக்கே மாங்குளம், ஒட்டுசுட்டான் பக்கம் இரவில் நெல் லொறி ஓட்டுகிறவன் நான். காட்டு யானையும் கறுப்பு, தார் வீதியும் கறுப்பு. மான் என்றால் கண் மின்னும்; யானையின் கண்ணோ லைட் வெளிச்சத்துக்கு மேலே நிற்கும். கிட்டப் போன பிறகுதான் தெரியும்.

வாகனமும் யானையும் மோதுவதைத் தடுக்க எச்சரிக்கைப் பலகை மட்டும் போதாது. கனடாவின் பான்ஃப் பூங்காவில் நெடுஞ்சாலையோரம் வேலி அடித்து, விலங்குகள் கடக்க மேம்பாலமும் சுரங்கவழியும் கட்டினார்கள். மோதல்கள் 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தன. இந்தியாவின் பெஞ்ச் காட்டில் உயர்த்திய நெடுஞ்சாலைக்குக் கீழே புலியே போய் வருகிறது.

வேலிதான் முக்கியம். அது இல்லாவிட்டால் மிருகம் பாலத்தைத் தேடிப் போகாது. சரி, எங்கே கட்டுவது? கொழும்பில் வரைபடத்தைப் பார்த்து முடிவுசெய்ய வேண்டாம். கோடையில் யானை எந்தக் குளத்துக்கு இறங்கும் என்று இங்கே மாடு மேய்க்கிற பெரியவர்களைக் கேளுங்கள். கண்டி–யாழ்ப்பாணம் ஏ9 வீதியைத் திருத்தும்போது மதகுகளையாவது அகலமாகக் கட்டுங்கள், சின்ன மிருகங்கள் அதாலேயே போய்விடும்.