மூலம்தான் என்று வருகிறவர்கள்

எண்டோஸ்கோப்பி அறையில் செவிலியராக வேலை பார்க்கிறேன். மலத்தோடு இரத்தம் போகிறது என்று வருகிறவர்களில் பலர் நோயின் பெயரையும் தாங்களே சொல்லிவிடுவார்கள். "மூலம்தான் சிஸ்டர், ரொம்ப நாளா இருக்கு." பெரும்பாலும் அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கும். மூலமும் ஆசனவாய் வெடிப்பும்தான் மிகச் சாதாரணமான காரணங்கள். ஆனால் பெயர் கிடைத்ததுமே தேடுவதை நிறுத்திவிடுகிறார்களே, அதுதான் எனக்குக் கவலை. மூலம் இருப்பவருக்கு அதற்கு மேலே வேறொன்றும் இருக்கலாம்.

பரிசோதனைக்கு முன் நான் கேட்பவை: இரத்தம் சொட்டுச் சொட்டாக விழுகிறதா, மலத்தில் கலந்து வருகிறதா? சளி இருக்கிறதா? கழிக்கும்போது கீறுவதுபோல் வலிக்கிறதா? வலித்தால் வெடிப்பாக இருக்கலாம். சளியும் இரத்தமுமாக அடிக்கடி அவசரமாகப் போனால் குடல் அழற்சியைச் சந்தேகிப்போம். வலியே இல்லை என்று சொல்லும்போது பலர் முகத்தில் நிம்மதி தெரியும். பெருங்குடல் புற்றுநோயும் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை என்பதை அப்போது எப்படிச் சொல்வது என்று ஒவ்வொரு முறையும் யோசிப்பேன். கூச்சத்தால் மாதக்கணக்கில் வீட்டில்கூடச் சொல்லாமல் இருந்தவர்கள் உண்டு. கதவைச் சாத்திவிட்டுக் கேட்டால்தான் முழு விவரமும் வரும்.

எல்லோருக்கும் முழுக் கொலோனோஸ்கோப்பி, அதாவது கேமரா பொருத்திய குழாயை விட்டுப் பெருங்குடல் முழுவதையும் பார்க்கும் பரிசோதனை, வேண்டும் என்பதில்லை. இளம் வயதில், மலச்சிக்கலோடு கொஞ்சம் இரத்தம் வந்து, சிகிச்சையில் நின்றுவிட்டால், ஆசனவாயைப் பார்ப்பதோடு மருத்துவர் முடித்துக்கொள்ளலாம். வயது 45ஐத் தாண்டியிருந்தால், இரத்தசோகை இருந்தால், எடை குறைந்தால், மலம் கழிக்கும் வழக்கம் மாறினால், குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்தால் தள்ளிப்போடக் கூடாது.

எனக்கு அதிக நேரம் பிடிப்பது, பரிசோதனைக்கு முன் குடலைச் சுத்தமாக்கும் பேதி மருந்தைப் பற்றிப் பேசுவதுதான். முதல் நாள் மாலை பாதி, பரிசோதனையன்று சில மணி நேரம் முன்னதாக மீதி. கடைசியில் மஞ்சள் நீர்போலத் தெளிவாகப் போக வேண்டும். சுவை பிடிக்காமல் இரண்டாவது பாதியை விட்டுவிடுகிறார்கள். ஒட்டியிருக்கும் மலத்துக்கு அடியில் தட்டையான பாலிப் (குடலின் உட்சுவரில் வளரும் சதைக்கட்டி) இருந்தால் எவ்வளவு நல்ல கேமராவுக்கும் தெரியாது. இரும்புச்சத்து மாத்திரை மலத்தைக் கறுப்பாக்கிப் பார்வையைக் கெடுக்கும் என்பதால் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வோம். இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை மட்டும் யாரும் தானாக நிறுத்தக் கூடாது. அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

மலக்குடல் சுமார் 15 செ.மீ. பெருங்குடல் முழுவதும் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர். குழாய் வளைந்து சுருண்டுகொண்டால் நான் வயிற்றை அழுத்திப் பிடிப்பேன். குடல்வால் திறப்பு திரையில் தெரிந்தால் கடைசிவரை வந்துவிட்டோம் என்று பொருள். உண்மையான தேடல் திரும்பி வரும்போதுதான். ஒவ்வொரு மடிப்பின் பின்புறமும் பார்த்துக்கொண்டு வர குறைந்தது 6 முதல் 8 நிமிடம் வேண்டும் என்பது விதி. அவசரம் இல்லாத மருத்துவரோடு வேலை செய்யும் நாட்கள் எனக்குப் பிடிக்கும்.

ஐம்பதை ஒட்டிய ஒருவர், களிம்பு தடவியே காலம் தள்ளியவர். குழாய் நுழையும்போதே மூலம் தெளிவாகத் தெரிந்தது. அங்கேயே நிறுத்தியிருந்தால் அவருடைய கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது போலத்தான் தோன்றியிருக்கும். சற்று மேலே, மலக்குடலை ஒட்டி வளைந்திருக்கும் சிக்மாய்டு பகுதியில், காம்போடு 2 செ.மீ. அளவில் ஒரு பாலிப். தொட்டதும் இரத்தம் கசிந்தது. அதை அறுத்தெடுக்கும் சுருக்குக் கம்பியை மருத்துவர் காம்பில் மாட்ட, கைப்பிடியை மூடும் வேலை என்னுடையது. வேகமாக இறுக்கினால், மின்சூடு இரத்தக்குழாயை அடைப்பதற்கு முன்பே காம்பு அறுந்து இரத்தம் பீறிடும். கையில் அந்த இறுக்கம் தெரியத் தெரிய மெல்ல மூடினேன். பயாப்ஸியில் (திசுப் பரிசோதனையில்) அடினோமா என்று வந்தது. புற்றாக மாறக்கூடியது, இன்னும் மாறாதது. அப்படி மாறுவதற்குப் பொதுவாகப் பல ஆண்டுகள் ஆகும். அந்த இடைவெளியில் வந்தாரே என்று நான் அடைந்த மகிழ்ச்சி, தாமதமாக வந்த மற்றவர்களை நினைக்கும்போது இன்னும் கூடுகிறது.

மயக்கம் தெளிந்ததும் அவரிடமும் மனைவியிடமும் விளக்கினேன்: எடுத்த இடத்திலிருந்து இரண்டு வாரம் வரைகூட இரத்தம் வரலாம், அப்போது மூலம் என்று இருந்துவிடாமல் நேரே வந்துவிடுங்கள். அடுத்த கொலோனோஸ்கோப்பி 3 ஆண்டில். அந்த அம்மா தேதியை எழுதிக்கொண்டே, "இவரோட தம்பிக்கும் இரத்தம் போகுதாம் சிஸ்டர், அவரையும் கூட்டிட்டு வரட்டுமா?" என்று கேட்டார்.