பெயரில் ஒரு புள்ளி குறைந்தாலும்

டிசம்பர் 7 என்றால் நம் பள்ளியில் படித்த எவருக்கும் சட்டைப்பை மேல் குத்திய அந்தச் சின்னக் காகிதக் கொடி கண்ணில் நிற்கும். சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் என்று மூன்று பட்டை: தரைப்படை, கடற்படை, வான்படை. காலை வழிபாட்டில் தலைமையாசிரியர் நாலு வார்த்தை பேசுவார். வகுப்பாசிரியர் கொடிக்கட்டைப் பிரிப்பார். குண்டூசி விரலில் குத்தும், சில்லறை டப்பாவில் விழும். 1949-இல் தொடங்கிய கொடிநாள் அது. போரில் அடிபட்டவர்களின் மறுவாழ்வுக்கும், மாண்டவர்களின் குடும்பத்துக்கும், ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர்களுக்கும் அந்த நிதி போகிறது. நம் மாநிலத்தில் முன்னாள் படைவீரர் நலத்துறை வழியாக இது நடக்கிறது. மாவட்டங்களில் அதற்கு அலுவலகங்கள் உண்டு. நாம் கொடி குத்திக்கொண்டோம், காசு போட்டோம். யாருக்காக என்று ஒரு பெயரையாவது நமக்குச் சொல்லியிருக்கலாம்.

நம் பழைய மாணவர் சங்கத்தின் வெளிநாட்டுக் கிளைகளில் நம்மவர்கள் கூடும்போதெல்லாம், பள்ளியில் படித்துப் படையில் சேர்ந்து உயிர்விட்டவர்களுக்கு வளாகத்தில் ஒரு கல் வைக்க வேண்டும் என்ற பேச்சு வருகிறது. நல்ல பேச்சு. ஆனால் பணம் சேர்ப்பதில்தான் எல்லோரும் தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டியது பெயரில்.

முதல் உலகப்போர் முடிந்ததும் ஊர் ஊராகப் பலகைக் கல் பதித்தார்கள். இந்த ஊரிலிருந்து 1914-1919 பெரும்போருக்கு இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் நீத்தார்கள் என்று இரண்டு எண்கள் மட்டும் அதில் இருக்கும். நம் மாநிலத்தில் பல ஊர்களில் இன்றும் அவற்றைப் பார்க்கலாம். பெயர் ஒன்றுகூட இராது. யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்ல இன்று ஆளில்லை. சென்னை நந்தம்பாக்கத்தில் உள்ள போர்க்கல்லறைக்குப் போனால் வேறு காட்சி. நாட்டின் பல மூலைகளில் புதைக்கப்பட்டு, அங்கே கல்லறையைப் பராமரிக்க வழியில்லாமல் போன ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்களை அங்கே ஒரு நினைவிடத்தில் பொறித்து வைத்திருக்கிறார்கள். உடல் வேறெங்கோ கிடக்க, பெயராவது ஓரிடத்தில் நிற்கிறது. நடுகல்லில் பெயரும் செயலும் எழுதி வைத்த நாட்டுக்காரர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை.

பெயரை எங்கே எடுப்பது? பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு பெயர் இருக்கும், படையில் ஒரு பெயர் இருக்கும், வீட்டில் அம்மா அழைத்த பெயர் மூன்றாவது. படையில் எல்லாம் ஆங்கிலத்தில் நடப்பதால் ஏழுமலை அங்கே எலுமலை ஆகிவிடுவார், யெலுமலை ஆகவும் செய்வார். முன்னெழுத்து இன்னொரு தொல்லை. நமக்குத் தகப்பன் பெயர் முதலெழுத்தாக முன்னால் வரும். படை ஆவணத்தில் அதே தகப்பன் பெயர் முழுதாகப் பின்னால் போய்க் குடும்பப் பெயர்போல் உட்கார்ந்துவிடும். அதை அப்படியே தமிழாக்கிக் கல்லில் வெட்டினால் மகன் இருக்க வேண்டிய இடத்தில் அப்பா பெயர் நிற்கும்.

ஆகவே, ஒருவருக்கு ஒரு தாள் என்று போடுங்கள். படை எண், பதவி, பெயர், படைப்பிரிவு, இறந்த நாள், இறந்த இடம், பள்ளியில் படித்த ஆண்டுகள். தரைப்படை எண்ணின் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்து வரும். எண் சரியா என்று சோதிக்க வைத்த எழுத்து அது, அதை விட்டுவிடக் கூடாது. சந்தேகம் வந்தால் அந்தந்தப் படைப்பிரிவின் பதிவு அலுவலகத்துக்கு எழுத வேண்டும். மதராஸ் ரெஜிமெண்டுக்கு வெலிங்டன், நாம் தம்பிகள் என்று செல்லமாகச் சொல்லும் மதராஸ் சாப்பர்கள் என்ற பொறியாளர் படைக்குப் பெங்களூரு, பீரங்கிப் படைக்கு நாசிக். டெல்லி தேசிய போர் நினைவிடத்தில் தியாக சக்கரம் என்ற வட்டச் சுவர்களின் கருங்கல் பலகைகளில், 2019-இல் திறந்தபோதே, 25,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் இருந்தன. ஆங்கில எழுத்துக்கூட்டலை அதோடு ஒப்பிடலாம். தமிழ் எழுத்தை மட்டும் வீட்டாரிடம் கேளுங்கள். போனில் கேட்காமல், தாளில் எழுதிக் காட்டி, மனைவியோ தாயோ கையெழுத்துப் போட்ட பிறகே கல்லுக்கு அனுப்ப வேண்டும்.

இனிக் கல். கருப்புக் கிரானைட் நல்லது. கண்ணாடிபோல் மெருகேற்றினால் வெயிலில் பளபளத்து எழுத்தை மறைக்கும், பார்ப்பவர் முகந்தான் தெரியும். மெருகைக் குறைக்கச் சொல்லுங்கள். பெயருக்கு ஒன்றரை அங்குல எழுத்து வைத்தால் பத்தடி தள்ளி நின்றும் படிக்கலாம். மேலாக வெட்டித் தங்கப் பெயின்ட் அடித்துக் கொடுப்பது கடைக்காரர்களுக்குச் சுலபம், ஆனால் இரண்டு மழைக்காலம் தாண்டாது. பெயின்ட் போனாலும் நிழலிலேயே எழுத்து தெரியும் அளவுக்கு ஆழம் வேண்டும்.

தமிழ் வெட்டுவதில் இரண்டு இடங்களில் கை தவறும். ண, ஞ போன்ற எழுத்துகளின் சுழிக்குள் இருக்கும் மெல்லிய கல் தெறித்துப் போகும், அப்போது ண-வும் ன-வும் ஒன்றுபோல் ஆகிவிடும். மற்றது புள்ளி. கணினி எழுத்துருவில் மெய்ப்புள்ளி சின்னதாக இருக்கும். மணல் அடித்து வெட்டும்போது அச்சுத்தாளில் அந்தச் சிறு வட்டம் உரிந்தால் புள்ளியே விழாது. முருகன் முருகன என்று நிற்பார். முன்னெழுத்துக்குப் பின்னால் வரும் புள்ளிக்கும் இதே கதி. ஆகவே மெய்ப்புள்ளியைத் தனியாகத் துளையிடச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் ஒரு வெள்ளைத் தாளைக் கல்மேல் வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால் எழுத்து முழுதும் தாளில் ஏறும். அந்தத் தாளையும் வீட்டார் கையெழுத்திட்ட தாளையும் பக்கத்தில் வைத்து, வேலைக்குப் பணம் கொடுக்கும் முன்பே புள்ளி புள்ளியாகச் சரிபாருங்கள்.

வரிசை, இறந்த நாளின்படி இருக்கட்டும். பதவி பார்த்து மேஜரை மேலேயும் சிப்பாயைக் கீழேயும் வைப்பது எனக்குச் சம்மதமில்லை. சிப்பாய், நாயக், ஹவில்தார், சுபேதார் என்ற சொற்களையும் மொழிபெயர்க்க வேண்டாம். அவர்கள் அந்தச் சொல்லால்தான் அழைக்கப்பட்டார்கள். நன்கொடையாளர் பெயர் இந்தக் கல்லில் வரவே கூடாது. வேண்டுமானால் விழா மலரில் போட்டுக்கொள்ளலாம்.

எந்த நாளில் அஞ்சலி செய்வது? முன்னாள் படைவீரர் நாள் ஜனவரி 14. தரைப்படையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதி கரியப்பா 1953-இல் ஓய்வு பெற்ற நாள் அது, ஆனால் நமக்குப் பொங்கல் விடுமுறை, பள்ளியில் ஒரு பிள்ளை இருக்காது. கொடிநாளில் வடகிழக்குப் பருவமழை, கூடவே அரையாண்டுத் தேர்வு நெருக்கும். கார்கில் நாளான ஜூலை 26 பள்ளி நடக்கும் காலம், பெரும்பாலும் மழையும் இராது. நான் அதைத்தான் சொல்வேன்.

மலர்வளையம் இரண்டடி போதும், மூன்றடி வளையத்தை இரண்டு பிள்ளைகள் தூக்கிச் சீராக நடக்க முடியாது. ரோஜா இதழ் வெயிலில் உதிரும், சாமந்தி தாங்கும். அட்டையில் ஜெல் பேனாவால் எழுதினால் பூவுக்குத் தெளிக்கும் தண்ணீரில் மை ஓடிவிடும், பால்பாயின்ட் பேனாவே நல்லது. என்.சி.சி. பிள்ளைகள் வளையத்தை முன்னே கொண்டு போவார்கள், வைப்பவர் பின்னே நடப்பார். வைத்ததும் சட்டென்று திரும்பக் கூடாது. ஓரடி பின்வாங்கி நின்று, சீருடையில் இருப்பவர் சல்யூட் செய்ய, மற்றவர் தலை தாழ்த்தி நிற்க வேண்டும். பிறகு பியூகிள் ஊதுகொம்பில் லாஸ்ட் போஸ்ட் என்ற அஞ்சலி இசை, இரண்டு நிமிட மௌனம், அது முடிந்ததற்கு அடையாளமாக ரவுஸ் என்ற இன்னோர் இசை. ‘ஷோக் சஸ்த்ர்’ என்ற துக்க அணிவகுப்புக் கட்டளைக்குப் பிள்ளைகளின் துப்பாக்கி முனை கீழே போய்க் காலணி மேல் நிற்கும், தலை குனியும். இதை ஒரு வாரமாவது பழக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆளுக்கொரு நேரத்தில் குனிவார்கள்.

பியூகிள் ஊத ஆளில்லாமல் கைபேசியிலிருந்து போடுவதானால் அதை விமானப் பயன்முறைக்கு மாற்றிவிடுங்கள். மௌனத்தின் நடுவே அழைப்பு மணி அடித்தால் மகனை இழந்து வந்திருக்கும் தாயின் முகத்தை எப்படிப் பார்ப்பது? பெயர்களை ஒருவரே வாசிக்கட்டும், முதல் நாளே வீட்டாரிடம் சொல்லிக் காட்டிப் பழகட்டும். கைத்தட்டல் வேண்டாம் என்று பிள்ளைகளுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். மறைந்தவரின் பதக்கங்களை அணிந்து வரும் மனைவியும் தாயும் அவற்றை வலது மார்பில் அணிவார்கள். இடது மார்பு, பதக்கத்தை வென்றவருக்கே உரியது. தெரியாமல் யாரும் அதைத் திருத்தப் போக வேண்டாம். கல்லின்மேல் எண்ணெய் விளக்கோ கற்பூரமோ வைக்காதீர்கள், கறை உள்ளே இறங்கிவிடும். கீழே சின்னத் திட்டு ஒன்று கட்டி அதில் ஏற்றலாம்.

பணம் அனுப்புவோருக்கு ஒரு சொல். இந்தியக் குடியுரிமை உள்ளவர் வெளிநாட்டிலிருந்து தம் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாறியவர் அனுப்பினால், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். பள்ளி அறக்கட்டளைக்கு அதற்கான பதிவு இல்லையென்றால் வாங்கக் கூடாது. ஆகவே கல்லுக்கான தொகையை முதல் வகையினரிடம் மட்டும் வசூலியுங்கள், அவரவர் பெயரில் தனித்தனி ரசீது போடுங்கள்.

பெயரைச் சரிபார்க்க வீட்டுக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் கேட்டு வாருங்கள். திருமணமும் பிள்ளைகளின் பிறப்பும் படைப் பதிவில் ஏறியிருக்கிறதா? ஓய்வூதிய ஆணையில் மனைவியின் பெயர் எப்படி இருக்கிறது, ஆதாரில் எப்படி இருக்கிறது, வங்கிப் புத்தகத்தில் எப்படி? ஓர் எழுத்து வேறுபட்டாலும் குடும்ப ஓய்வூதியம் மாதக்கணக்கில் நிற்கும். கணவர் உயிரோடு இருக்கும்போது கவனிக்கப்படாத பிழை அது, அவர் போன பிறகு அந்தப் பெண்ணின் தலையில் விழுகிறது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விண்ணப்பம் எழுத வழிகாட்டுவார்கள். படையிலிருந்து விடுவித்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகம், ஓய்வூதிய ஆணை, திருமணச் சான்று, ஆதார், வங்கிப் புத்தகம் ஆகிய ஐந்தையும் ஒரு பையில் போட்டு, நகல் இரண்டு இரண்டு எடுத்துக்கொண்டு, உள்ளூரில் இருக்கும் நம் பழைய மாணவர் ஒருவர் அந்த அம்மாவுடன் கூடவே போய் வந்தால் போதும்.