உறவுமுறை: உடன் வசிப்பவர்

டோக்கியோவில் புது வீட்டுக்குக் குடிபோனால் 14 நாளுக்குள் வார்டு அலுவலகத்தில் பதிந்துவிட வேண்டும். நாங்கள் மூன்று பேர் போனோம். அண்ணா, தம்பி, நான். மூவருக்கும் ஊர் வேறு, பெற்றவர்கள் வேறு. தனித்தனியாக வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகாமல் ஒன்று சேர்ந்தவர்கள். படிவத்தில் 'உறவுமுறை' என்று ஒரு கட்டம் இருந்தது. வாய்ப்பழக்கத்தில் 'அண்ணன்', 'தம்பி' என்றே எழுதி நீட்டிவிட்டேன். கவுன்டரில் இருந்தவர் உறவுக்குச் சான்றிதழ் கேட்டார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கடைசியில் அதை அடித்துவிட்டு 'தோக்யோநின்' என்று எழுதச் சொன்னார். உடன் வசிப்பவர்.

அந்த மாதம்தான் தம்பி ஒரு மங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதைப் புத்தகம், கொண்டுவந்தான். மொழிப்பள்ளியில் யாரோ கொடுத்ததாம். 'ஸ்பை ஃபேமிலி'. தலைப்பின் நடுவே ஒரு பெருக்கல் குறி உண்டு, அதை வாய்விட்டுப் படிப்பதில்லை. தத்சுயா எண்டோ 2019 முதல் ஷோனென் ஜம்ப் பிளஸ் செயலியில் வரைந்துவரும் தொடர். ஒரு வேலைக்காக வேண்டி ஓர் உளவாளிக்கு அவசரமாகக் குடும்பம் தேவை. அநாதை இல்லத்திலிருந்து ஆன்யா என்ற குட்டிப் பெண்ணைக் கூட்டிவருகிறான். நகராட்சி அலுவலகத்தில் வேலை பார்க்கும் யோரை மனைவியாக நடிக்கக் கேட்கிறான். அவளோ கூலிக்குக் கொலை செய்பவள். இருவருக்கும் மற்றவர் யாரென்று தெரியாது. குழந்தைக்கு மட்டும் எல்லாம் தெரியும், ஏனென்றால் அது பிறர் மனதைப் படிக்கும். தன் அந்தச் சக்தி தெரிந்துவிட்டால் எங்கே திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயந்து வாயே திறக்காது.

நான் அதை எடுத்ததற்குக் காரணம் கதை இல்லை. ஜப்பானிய மொழியில் புழங்கும் சீன எழுத்துகளான கான்ஜி ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பொடி எழுத்தில் உச்சரிப்பு போட்டிருக்கும். பாடப்புத்தகத்தில் பத்து வரிக்கு வரும் தூக்கம் இதில் வரவில்லை. ஆனால் ஆன்யாவிடம் ஜப்பானிய மொழி கற்பது ஆபத்து என்பது பிறகுதான் புரிந்தது. 'முயற்சி செய்கிறேன்' என்று மரியாதையாகச் சொல்லும் 'கம்பாரிமாஸ்' என்பதை அவள் 'கம்பாருமாஸ்' என்பாள். நம்மூர்க் குழந்தை தன்னைப் பற்றியே 'நான் சாப்பிட்டாங்க' என்று மரியாதையாகச் சொல்லுமே, ஏறக்குறைய அந்த மாதிரி. அப்பாவை 'சிச்சி' என்றுதான் கூப்பிடுவாள். நான் அதைச் செல்லப் பெயர் என்று நினைத்துவிட்டேன்.

அலுவலகத்தில் ஒரு சீனியரின் தகப்பனாருக்கு உடம்பு சரியில்லை. அக்கறையாக, "சிச்சி நலமா?" என்று கேட்டேன். அவர் ஒரு நொடி விழித்தார். அது தன் அப்பாவைப் பற்றி வெளியாளிடம் அடக்கமாகச் சொல்லும் சொல். அடுத்தவர் அப்பா என்றால் 'ஒதோசான்'. நான் என் அப்பாவைப் பற்றி அவரிடம் விசாரித்திருக்கிறேன்! அப்புறம் அவர் முகம் மலர்ந்து, "ஆன்யாவா?" என்றார். அன்றைக்கு மதியம் முழுக்க என்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரித்தார்.

மங்காவில் எனக்கு மிகவும் பிடித்தது ஆன்யாவைப் பள்ளியில் சேர்ப்பதற்கான நேர்முகத் தேர்வு. மூவரும் நல்ல குடும்பம் மாதிரி விறைத்து உட்கார்ந்திருப்பார்கள். தேர்வாளர் ஒருவர் குழந்தையிடம், முன்பிருந்த அம்மாவா இப்போதைய அம்மாவா, யாருக்கு மதிப்பெண் அதிகம் என்று கேட்பார். அவள் அழுதுவிடுவாள். உளவாளி மேஜையில் ஓங்கி ஒரு குத்து விட்டு, கொசு இருந்தது என்பான். போட்ட வேஷம் கலைகிற இடமும் அவன் நிஜமாகவே அப்பாவாகிற இடமும் ஒன்றுதான். சிரித்துக்கொண்டே படித்து வந்தவன் அங்கே கொஞ்சம் நிறுத்திவிட்டேன்.

எங்கள் வீட்டிலும் ரகசியங்கள் உண்டு, கொலையெல்லாம் இல்லை. தம்பி டிசம்பரில் ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் தேர்வில் என்4 நிலை எழுதினான். தேர்ச்சிக்கு 180க்கு 90-ஆவது வேண்டும். ஜனவரி கடைசியில் முடிவு வந்தது. இரண்டு நாள் அவன் சரியாகச் சாப்பிடவில்லை. வீட்டுக்குப் போனில், "இன்னும் ரிசல்ட் வரலைம்மா" என்றான். அண்ணா தன் அம்மாவிடம் சுத்த சைவம் என்று சத்தியம் செய்வார். வீடியோ கால் வந்தால் ஃப்ரிட்ஜ் இருக்கும் பக்கம் முதுகைக் காட்டி உட்காருவார், உள்ளே முட்டை. நான் தினமும் பாடப்புத்தகம் படிப்பதாக இருவரும் நம்புகிறார்கள், அல்லது அப்படி நடிக்கிறார்கள். மூவருக்கும் மற்ற இருவர் கதையும் தெரியும். யாரும் கேட்டதில்லை.

அண்ணாவுக்கு மங்கா என்றாலே இளக்காரம். "முப்பது வயசுல பொம்மைப் புஸ்தகமாடா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். போன ஞாயிறு முதல் தொகுதியை மறுபடி எடுத்தேன். நேர்முகத் தேர்வுப் பக்கத்தில், அழுகிற ஆன்யாவுக்குக் கீழே, மஞ்சளாக ஒரு பெருவிரல் ரேகை. அந்த வாரம் சாம்பார் அண்ணா முறை.

புத்தகத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். பக்கத்தில் இரண்டாம் தொகுதியையும் எடுத்து வைத்தேன்.